மெஷினில் ஓடாத பச்சரிசி

புரட்டாசிப் பொடிக்கு மிளகாய் குறைவு, மிளகு கூடுதல். ரங்கூனில் ஐந்து மாதம் கொட்டிய மழை ஓய்கிற சமயம் அது. ஆளுக்கு ஆள் நெஞ்சில் சளி கட்டி நிற்கும். அதற்காகச் சுக்கும் ஒரு துண்டு சேரும். பூண்டு, வெங்காயம் கூடவே கூடாது. மல்லி, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, சீரகம், வெந்தயம், விரலி மஞ்சள், கட்டிப் பெருங்காயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து ஆறவிட வேண்டும். இதில் மறைத்து வைக்க ஒன்றும் இல்லை. எங்கள் பபேடான் பேட்டையில் எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் அளவு சொல்லிவிடுவார்கள்.

அப்படியிருந்தும் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானத்துக்குக் குழம்பு கொதித்தால், அதில் தைலம்மாள் கொடுத்த பொடிதான் விழும். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் நடப்பு. காரணம் அவள் கைமணம் இல்லை. அவளைவிட நன்றாக வறுக்கிறவர்கள் அந்தத் தெருவிலேயே மூன்று பேர் இருந்தார்கள். காரணம் மெஷின்.

பர்கத்துல்லா பாய் மில்லில் ஒரே மெஷின். அதில்தான் எல்லாரும் அரைக்க வேண்டும். பர்மாக்காரப் பெண்கள் காய்ந்த இறாலைக் கொண்டுவந்து தூளாக்குவார்கள். பிரியாணி மசாலா வரும், காப்பிக்கொட்டை வரும். முன்னால் அரைத்தவர் சரக்கு கொஞ்சம் மெஷின் தொண்டையில் நிற்கத்தான் செய்யும். அதனால் அடுத்து அரைக்கிறவர் முதலில் பச்சரிசி போட்டு ஓட்டுவார். மெஷினை அந்த அரிசி துடைத்துக்கொண்டு வரும். மற்றவர்கள் ஒரு பிடி போட்டு, "போதும் பாய், ஓட்டுங்க" என்பார்கள். தைலம்மாள் ஒரு படி போடுவாள். விழுகிற மாவை உள்ளங்கையில் ஏந்தி மோந்து பார்ப்பாள். வாடை இருந்தால் அதே மாவைத் திரும்பப் போடச் சொல்வாள். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். அந்த மாதம் முழுக்க மீன் வாடை படாமல் விரதம் இருக்கிற நானூறு பேர், "பொடி யாருது, தைலம்மாளுதா? அப்பச் சரி" என்று இலையில் உட்கார்ந்தார்கள் என்றால் அந்த ஒரு படி அரிசிக்காகத்தான்.

தைலம்மாளின் தாத்தா இராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறி வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அப்பா அதே துறைமுகத்தில் கணக்கப்பிள்ளைக்கு எடுபிடி. அப்பாவுக்குப் பிறந்தது இரண்டு பேர்: மூத்தவள் தைலம்மாள், ஏழு வருஷம் கழித்து இராமையா. அம்மா காய்ச்சலில் போனபோது இராமையாவுக்கு வயது நாலு. அன்றிலிருந்து அவனுக்குத் தலை துவட்டியதும் சோறு ஊட்டியதும் அக்காதான். தைலம்மாள் வாழ்க்கைப்பட்ட மாரிமுத்து ஆறு வருஷத்தில் செத்துப்போனார், பிள்ளை இல்லை. அவள் தம்பியிடமே திரும்பி வந்தாள். மவ்பின் ஊரிலிருந்து அவனுக்கு மஞ்சுளாவைப் பெண் பார்த்துக் கட்டி வைத்தவளும் அவள்தான். ஒரே படிக்கட்டு, இரண்டாம் மாடியில் தம்பி குடும்பம், மூன்றாம் மாடியில் அக்கா. கீழிருந்து ஒரு கிண்ணம் மேலே போகும், மேலிருந்து ஒரு கிண்ணம் கீழே வரும். சண்டை என்று ஒன்று வந்ததில்லை.

இந்த வருஷம் பொடி எட்டு வீசை. புதன்கிழமையே வறுத்து டின்னில் நிரப்பி, ஒரு படி பச்சரிசியை மஞ்சள் துணியில் முடிந்து மேலே வைத்தாள். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குக் கரண்ட் வரும் என்று பேச்சு. இப்போதெல்லாம் ஊரில் கரண்ட் நாலு மணி நேரம் இருக்கும், எட்டு மணி நேரம் இருக்காது. மில்லுக்கும் அதே கதிதான். வெள்ளிக்கிழமை விடிந்தால் டின் கோயிலில் இருக்க வேண்டும். காலையில் நேரம் இருக்கிறதே என்று தைலம்மாள் படகேறி ஆற்றுக்கு அக்கரை டாலாவுக்குப் போனாள். பெரியப்பா மகள் ரத்தினம்மாள் அங்கே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். பார்த்துவிட்டுப் பன்னிரண்டுக்குள் திரும்பிவிடலாம் என்ற எண்ணம்.

ஒன்பதரைக்குப் போன் வந்தது. பின்னால் தெருப் பிள்ளைகள் "மீ லாப்பீ!" என்று கூவுவது கேட்டது. கரண்ட் வந்துவிட்டால் ரங்கூன் பூராவும் கேட்கிற கூவல் அது.

"தைலக்கா, கரண்ட் இப்பவே வந்துருச்சு. மத்தியானம் வராதாம்," என்றார் பர்கத்துல்லா பாய்.

"நான் டாலாவுல இருக்கேன் பாய். இப்பத்தான் படகு போச்சு."

"அப்ப யாரையாவது அனுப்புங்க. டின்னு தானா நடந்தா வரும்?"

தைலம்மாள் மஞ்சுளாவைக் கூப்பிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் மில்லுக்கு இன்னொரு ஆளை அனுப்பியது அதுதான் முதல் தடவை.

"அரிசி டின்னு மேலயே இருக்கு. முதல்ல அதை ஓட்டு. மாவை மோந்து பாரு. வாடை இருந்தா திரும்ப ஓட்டு. வரிசையில எவ என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காத."

"தெரியாதா அண்ணி எனக்கு? எத்தனை வருஷமாப் பார்க்கிறேன். நீங்க அவங்களைக் கவனிச்சுட்டு மெதுவா வாங்க."

டின்னை மாடியிலிருந்து இறக்கி, தோளில் வைத்துக் கொண்டுபோய் மில் வாசலில் வைத்தவன் இராமையா. வைத்துவிட்டு, தான் வேலை செய்யும் இரும்புச் சாமான் கடைக்குப் போய்விட்டான்.

தைலம்மாள் வீடு திரும்ப மூன்று மணி. பொடி அரைத்து வந்திருந்தது. பக்கத்தில் மாவு முடிச்சும் இருந்தது. மஞ்சுளா ஒரு தட்டில் சோறும் வாழைக்காய்ப் பொரியலும் கொண்டுவந்து வைத்து, "வெயில்ல வந்திருப்பீங்க, முதல்ல சாப்பிடுங்க அண்ணி" என்றாள். பச்சரிசிச் சோறு. வீட்டில் வழக்கமாகப் புழுங்கல்தான். வியாழக்கிழமையாயிற்றே, ஏதோ சாமிக்குப் பொங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள் தைலம்மாள். பசி வேறு. நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் விடியலில் இராமையா டின்னைக் கோயிலுக்குக் கொண்டுபோனான். புரட்டாசியில் அவன் அங்கே காய் நறுக்கவும் பந்தி பரிமாறவும் போவான். தைலம்மாள் மாவு முடிச்சை எடுத்துக்கொண்டு தெருமுனை அரசமரத்தடிக்குப் போனாள். மெஷினைத் துடைத்த மாவை வீட்டில் சேர்க்கிறதில்லை. எறும்புக்குப் போடுவதுதான் வழக்கம். முடிச்சை அவிழ்த்தாள்.

மாவு வெள்ளையாக இருந்தது.

பார்த்தபடியே நின்றாள். ஒரு வருஷம் அது சிவப்பாக வரும், ஒரு வருஷம் மஞ்சளாக வரும். காப்பிக்கொட்டைக்குப் பிறகு ஓட்டினால் சாம்பல் நிறத்தில் வரும். வெள்ளையாக ஒரு வருஷமும் வந்ததில்லை. வரவும் வராது. மூக்கில் வைத்துப் பார்த்தாள். கடையில் பொட்டலத்தில் விற்கிற மாவின் மணம். மிளகாய் நெடி இல்லை, ஒன்றும் இல்லை. எறும்புகள் காலைச் சுற்றி ஏறியதுகூடத் தெரியவில்லை அவளுக்கு.

நேரே மில்லுக்குப் போனாள். கரண்ட் இல்லை. பாய் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"பாய், நேத்து எங்க டின்னுக்கு முன்னால யாரு அரைச்சா?"

"மா சான்னு ஒரு பொம்பளை. அஞ்சு வீசை இறாலு. ஏன்க்கா?"

"அரிசி ஓட்டினீங்களா?"

பாய் கோப்பையைக் கீழே வைத்தார். "கேட்டேங்க்கா. கரண்ட் போகப் போவுதுன்னு எல்லாரும் கத்துறாங்க. பின்னால பதினோரு பேர். 'அரிசி வேணாம் பாய், நேரா போடுங்க'ன்னு உங்க தம்பி வீட்டுல சொன்னாங்க. நீங்கதான் சொல்லி அனுப்பியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

தைலம்மாள் மாடிப்படி ஏறினபோது இராமையா கோயிலிலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். மாவு முடிச்சை அவன் முன்னால் வைத்து, மஞ்சுளாவைப் பார்த்தாள்.

"இது எந்தக் கடை மாவு?"

மஞ்சுளா முடிச்சைப் பார்த்தாள். பேச்சு படபடவென்று வந்தது. "என்னை என்ன பண்ணச் சொல்றீங்க அண்ணி? கரண்ட் இன்னும் கால் மணி நேரம்தான்னாங்க. அரிசி ஓட்டி, திரும்ப ஓட்டி, அப்புறம் எட்டு வீசை எப்ப ஓடறது? அரைக்காம வந்திருந்தா அதுக்கும் என்னைத்தானே சொல்வீங்க?"

"வந்த உடனே சொல்லியிருக்கலாமே. கடையில மாவு வாங்கி என் துணியில முடிஞ்சு வைக்க நேரம் இருந்திச்சில்ல?"

"நீங்க சத்தம் போடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"அரிசி எங்க?"

மஞ்சுளா அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாள். தைலம்மாளுக்கு நேற்றைய தட்டு ஞாபகத்துக்கு வந்தது. மேலே கேட்கவில்லை.

இராமையா சிரிக்கப் பார்த்தான். "விடுக்கா. எட்டு வீசையில இறாலு எவ்வளவு போயிருக்கும், ஒரு சிட்டிகை. பெருமாளு என்ன கண்ணாடி போட்டுக்கிட்டா குழம்பைப் பார்க்கப் போறாரு? அவரே மச்சாவதாரம் எடுத்தவரு."

"பெருமாளுக்கு இல்லடா. சாப்பிடறவங்க என்னைக் கேட்டுட்டுல்ல சாப்பிடறாங்க."

"இப்பப் போயிச் சொன்னா எங்க நிலைமை என்னாகும்னு யோசிச்சியா?"

அவள் யோசிக்காமல் இல்லை. இராமையாவின் மூத்த பெண்ணுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை, கோயில் சமையலுக்கு மேற்பார்வை பார்க்கும் தனசேகரனின் தங்கை மகன். தனசேகரன் விரதத்தில் தலைமுடி விஷயத்தைக்கூட விட மாட்டார். குழம்பில் ஒரு முடி கிடந்ததற்காக அண்டாவையே கவிழ்த்தவர். அந்த வீட்டுக்கு மருமகளாகப் போகிற பெண்ணின் அம்மா இப்படிச் செய்தாள் என்றால் பேச்சு அன்றோடு முறியும்.

"மஞ்சுளா பேரை எடுக்க மாட்டேன்," என்றாள் தைலம்மாள். "அரிசி ஓட்டல, பொடி சுத்தமில்ல, எடுத்துக்கிறேன்னு மட்டும் சொல்றேன். தப்பு என்னோடதா இருந்துட்டுப் போவட்டும். ஒரு தடவை தவறிப்போச்சுன்னா மன்னிச்சுருவாங்க."

இராமையா எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ தெய்வம்க்கா," என்றான். நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பினான்.

கோயில் சாமான் அறை வாசலில் தனசேகரனும் இன்னும் நாலு பேரும் காய்கறி பிரித்துக்கொண்டிருந்தார்கள். தைலம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள், இரண்டு வரிதான்.

தனசேகரன் கையிலிருந்த பூசணிக்காயைக் கீழே வைத்தார். "இறாலுக்கு அப்புறமா?"

"ஆமாங்கய்யா."

"நீங்களாம்மா இப்படி? ஏன் ஓட்டல?"

"தவறிப்போச்சு. பொறுப்பு என்னோடது. பொடியை எடுத்துக்கிறேன்."

அதோடு முடிந்திருக்கும். தனசேகரன் பார்வை இராமையா பக்கம் திரும்பியது. "டின்னை நீதானேப்பா தூக்கிட்டுப் போனே? மில்லுல உன் சம்சாரத்தைப் பார்த்ததா என் தங்கச்சி சொன்னாளே?"

இராமையா அக்காவைப் பார்க்கவில்லை. பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அவ சும்மா காவலுக்கு நின்னாளுங்க. அக்கா குடுத்ததை அப்படியே குடுத்து அரைச்சுட்டு வந்தா. டின்னு மேல அரிசியே இல்லிங்க. நான்தானே தூக்கினேன். இருந்திருந்தா தெரியாதா?"

தைலம்மாள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் துணி முடிச்சு வழியில் விழுந்துவிடக் கூடாதென்று டின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டவனே அவன்தான் என்று முந்தின நாள் சோறு வைத்தபோது மஞ்சுளாவே சொல்லியிருந்தாள்.

காய் பிரித்துக்கொண்டிருந்தவர்களில் வயதானவர் ஒருவர் கேட்டார்: "அரிசியே வைக்கலியா? அப்ப இத்தனை வருஷமும் வச்சது நிசந்தானா?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றான் இராமையா.

தைலம்மாள் பேசியிருக்கலாம். பாயைக் கூப்பிட்டால், "அரிசி வேணாம்" என்று மஞ்சுளா சொன்னதை அவர் அல்லா மேல் ஆணையிட்டுச் சொல்லியிருப்பார். தைலம்மாள் கூப்பிடவில்லை. தம்பி கூட வந்தது கையைப் பிடித்துத் தாங்குவதற்கு என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று இப்போது தெரிந்தது. "டின்னைக் குடுங்க," என்று மட்டும் சொன்னாள். சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றைக் கூப்பிட்டு ஏற்றினாள். இராமையா ஒரு பக்கம் கை கொடுக்க வந்தான். "தொடாதே," என்றாள்.

அந்தச் சனிக்கிழமை கோயிலில் வெறும் மிளகும் உப்பும் போட்டு ரசமும் தயிர்ச்சோறுமாக முடித்தார்கள். எட்டு வீசைப் பொடியையும் தைலம்மாள் பர்கத்துல்லா பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "எங்களுக்கு என்னக்கா, இறாலோட சேர்ந்தா ருசிதானே" என்று வாங்கிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நான் வந்து சொல்லட்டுமா?" என்றார்.

"என்னன்னு சொல்வீங்க? என் தம்பி பொய்யன்னா?"

பேச்சு படிக்கட்டு படிக்கட்டாக ஏறி இறங்கியது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "அதான் தைலக்கா பொடிக்கு மட்டும் அத்தனை ருசி. இப்பல்ல தெரியுது," என்றாள். இன்னொருத்தி, தன் மாமியார் வருஷா வருஷம் இந்தக் குழம்பைச் சாப்பிட்டு விரதமிருந்து கண்மூடினவள் என்றும், எந்தக் கதிக்குப் போனாளோ என்றும் மூக்கைச் சிந்தினாள். தைலம்மாள் குடத்தை நிரப்பிக்கொண்டு மேலே போனாள். கீழிருந்து மேலே கிண்ணம் வந்தது. மூடியைத் திறக்காமல் திருப்பி அனுப்பினாள். மூன்று தடவை அப்படி ஆன பிறகு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தச் செய்தியும் வந்தது. இரண்டாம் சனிக்கிழமையிலிருந்து கோயிலுக்குப் பொடி மஞ்சுளா கொடுப்பாள். உண்மையை ஒளிக்காமல் சொன்ன குடும்பமாம், தனசேகரனே கேட்டுக்கொண்டாராம்.

தைலம்மாள் பதறியது பொடி வேலை போனதற்காக அல்ல. நானூறு பேர் இந்தத் தடவை இறாலைத் தின்னப் போகிறார்களே என்றுதான். வெள்ளிக்கிழமை மில்லுக்குப் போய்ப் பாயைக் கேட்டாள். இந்த முறையும் அரிசி ஓடவில்லை என்றால் கோயில் வாசலில் நின்று கத்தியாவது தடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனாள்.

பாய் உதட்டைப் பிதுக்கினார். "எப்படிச் சொல்றது. ரெண்டு படி கொண்டாந்தாங்கக்கா. ரெண்டு தடவை ஓட்டச் சொன்னாங்க. கரண்ட் போற நேரம்தான், பின்னால எல்லாரும் கத்தத்தான் செஞ்சாங்க. 'கத்தினாக் கத்துங்க'ன்னு நின்னாங்க. மாவைக் கையில வாங்கி மோந்து பார்த்தாங்க. உங்களை மாதிரியே."

தைலம்மாள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவையும் ஓட்டாமல் விட்டிருந்தால்கூட அறியாதவள், அவசரக்காரி, அசட்டை என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள். தெரிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் தெரிந்திருக்கிறது. அண்ணி பேருக்குக் கால் மணி நேரம் இல்லை. தன் பேருக்கு ரெண்டு தடவை ஓட்ட நேரம் இருந்திருக்கிறது.

சனிக்கிழமை அன்னதானத்துக்குப் போனாள். வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பந்தியில் நடு வரிசையில் உட்கார்ந்து இலையைத் துடைத்தாள். பக்கத்து இலைக்காரி சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். மஞ்சுளா அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவள் சட்டென்று குனிந்து எதையோ தேடினாள். குழம்பு வாளியோடு வந்தது இராமையா. நாலு இலைக்கு முன்னாலேயே அவளைப் பார்த்துவிட்டான். அவள் முன்னால் வந்து நின்று, "அக்கா, குழம்பு..." என்று இழுத்தான்.

"ஊத்து."

ஊற்றினான். அவள் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். அவன் நகராமல் நின்றான். ஏதாவது சொல்வாள், திட்டுவாள், அழுவாள் என்று நின்றது போலிருந்தது.

"சுத்தமா இருக்கு," என்றாள் தைலம்மாள், நாலு இலைக்குக் கேட்கிற மாதிரி. "உன் பெண்டாட்டி ரெண்டு தடவை அரிசி ஓட்டியிருக்கா. ஓட்டத் தெரிஞ்சவதான்."

வாளி அவன் காலில் இடித்துக் குழம்பு தரையில் தெறித்தது. அவள் அடுத்த வாயைப் பிசைந்தாள்.

"நிக்காதே. அடுத்த இலைக்குப் போ, சோறு ஆறுது."